செயின் கழண்டால் முதல்ல காலை நிப்பாட்டு

போன ஆவணியில் கனடாவில இருந்து வந்த அண்ணாவின் சைக்கிளை நான் காயப்படுத்திப்போட்டு, இரண்டு நாள் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளையும், அதுக்குப் பிறகு நானும் அப்பாவும் அந்தச் சைக்கிளிடம் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். கியர் சைக்கிள் வைத்திருக்கிற ஆக்களுக்கு உதவுகிற சில விஷயங்களும் இடையில் வரும். கியர் சைக்கிள் இல்லாதவர்களும் வாசிக்கலாம். நானும் அந்தக் கூட்டம்தான்.

அண்ணா என்றால் பெரியப்பாவின் மகன். ரொறன்ரோவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், ஒரு பெரிய மட்டைப் பெட்டிக்குள்ள தன்ரை சைக்கிளையும் கழற்றிக் கொண்டுவந்தார். எங்கட வீடு இரணைமடுப் பக்கம். அப்பாவுக்கு அங்கே ஒரு சின்னச் சைக்கிள் திருத்துற கடை. பெட்டியைக் கடை முற்றத்தில் வைத்துத்தான் அண்ணா பிரித்துப் பூட்டினார்.

“இது என்ன சைக்கிள் தம்பி?” என்று அப்பா கேட்டார்.

“கிரவல் சைக்கிள் சித்தப்பா.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. வன்னியில் வளர்ந்த ஆக்களுக்குக் கிரவல் என்றால் விளையாட்டு இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில கொண்டுவந்து கொட்டுகிற சிவப்பு மண். தேர்தல் நேரத்தில், “எங்கட றோட்டுக்குக் கிரவலாவது போட்டுத் தாங்கோ” என்று கேட்கிற சாமான். அதில ஓடுறதுக்கென்று ஒரு சைக்கிள் செய்து, அதுக்குப் போட்டியும் வைக்கிறார்கள் என்பது எங்களுக்குப் புதினம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் நடக்கிற அன்பவுண்ட் கிரவல் என்ற போட்டியின் பிரதான ஓட்டம் 200 மைல் என்று அண்ணா சொன்னார். எங்கட கணக்கில் 320 கிலோமீற்றருக்கு மேல. 

“காசு குடுத்தோ ஓடுறாங்கள்?” என்று அப்பா கேட்டார். 

“ஓம் சித்தப்பா.” 

அப்பா அதுக்கு மேல ஒண்டும் கேட்கேல்ல.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில். காபன் பிறேம். ஒரு கையால் தூக்கலாம். முன்னுக்கு இரண்டு செயின்வீல், பின்னுக்குப் பதினொரு பல்லுச்சில்லு. கியர் கேபிளே இல்லை. பிறேக் பிடியில் சின்னச் சின்னப் பட்டன்கள். அழுத்தினால் உள்ளே ஒரு மோட்டர் ‘ஸ்ஸ்க்’ என்று சத்தம் போட்டு, செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளும். அந்தத் தள்ளுகிற கருவிக்கு டிறெய்லியர் என்று பெயர். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. எல்லாத்துக்கும் ஒரு பற்றறி.

திருவிழாக் கடைசி நாட்களுக்கு அண்ணா யாழ்ப்பாணம் போனார். போகேக்க, “தங்கச்சி, சும்மா நிக்கிற சைக்கிள்தானே, ஓடிப்பார். கவனம்” என்று சொல்லிப்போட்டுப் போனார். அந்த ‘கவனம்’ எல்லாரும் சொல்லுகிற கவனம். நானும் எல்லாரையும் போல ஓமென்று தலையாட்டினேன்.

முதல் நாள் வாய்க்கால் றோட்டால் ஓடினேன். மழை இல்லாத காலத்தில் எங்கட கிரவல் றோட்டுகள் எப்படி இருக்கும் என்று ஊர் ஆக்களுக்குத் தெரியும். நெளித்தகரம் விரித்துவிட்ட மாதிரி குறுக்கே அலை அலையாக இருக்கும். ஊர்ச் சைக்கிளில் போனால் பல்லுக் கிட்டும். இந்தச் சைக்கிளோ மொத்த ரயரில் மிதந்துகொண்டு போச்சு. வேகம் பிடித்தது. முன்னுக்குப் பெரிய செயின்வீல், பின்னுக்குச் சின்னப் பல்லு. அதுதான் ஆகப் பாரமான கியர். திடீரென்று குளக்கட்டு ஏத்தம் முன்னுக்கு வந்திட்டுது.

அந்தப் பாரத்தோட ஏற ஏலாது. பதறிப்போய், எழும்பி நின்று பெடலை மிதித்துக்கொண்டே, முன் கியரைச் சின்ன செயின்வீலுக்கு மாற்றுகிற பட்டனை அழுத்தினேன். ‘ஸ்ஸ்க்’. அடுத்த நொடி காலுக்குக் கீழ ஒண்டுமே இல்லை. பெடல் வெறுமையாகச் சுத்திச்சுது. செயின் சின்ன செயின்வீலையும் தாண்டி உள்ளுக்குள்ள, பிறேம் பக்கம் விழுந்திட்டுது.

அதோட நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஏத்தத்தில் விழப்போற பயத்தில நான் இன்னும் இரண்டு மிதி பலமாக மிதித்தேன். ‘கிறக்’ என்றொரு சத்தம். செயின், செயின்வீலுக்கும் பிறேமுக்கும் இடையில் இறுகிப் பெடல் பூட்டுப்பட்டுப் போச்சு. நான் பக்கவாட்டில் விழுந்தேன். முழங்கால் உரஞ்சிச்சுது. அது பிரச்சினை இல்லை. ஒரு தடியால் நெம்பி, கையெல்லாம் கிறீஸாகி, செயினை இழுத்து எடுத்தபிறகுதான் பார்த்தேன். பெடல் அச்சிலிருந்து பின்சில்லுக்குப் போகிற குழாயில், என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். பெயின்ற் போய், உள்ளே காபனின் கறுப்பு தெரிந்தது.

வீட்டை வந்து கழுவித் துடைத்து, கீறல் சுவர்ப்பக்கம் இருக்கிற மாதிரி நிப்பாட்டிவிட்டேன். பின்னேரம் அண்ணா போன் எடுத்தார்.

“எப்பிடி ஓடுது தங்கச்சி?”

“சூப்பர் அண்ணா.”

அந்தச் சைக்கிளின் விலை, அப்பாவின் கடை ஒரு வருஷத்தில் உழைக்கிறதை விடக் கூட. நான் பயந்தது முதலில் அந்த விலைக்குத்தான். பிறகு இரவு போனில் தேடத் தேடப் பயம் வேற இடத்துக்குப் போச்சு. இரும்புக் குழாய் பழுதானால் வளையும், நெளியும், கண்ணுக்குத் தெரியும். காபன் அப்படியில்லை. உள்ளே சேதம் இருந்தால் வெளியில் பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம், பிறகு ஓடுகிற நேரத்தில் உடையலாம். ஞாயிற்றுக்கிழமை அண்ணா இரண்டு சிநேகிதர்களோட எங்கட வீட்டிலிருந்து உள்றோட்டுகளால் முல்லைத்தீவுக்கு ஓடப்போகிறதாகச் சொல்லியிருந்தார். அன்று வியாழன்.

அந்த இரவுத் தேடலில்தான் அன்டி ஷ்லெக்கின் கதையும் அகப்பட்டது. 2010 ஆம் ஆண்டு பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் ஓட்டப் போட்டி. லக்சம்பேர்க் நாட்டு ஷ்லெக் முதலிடத்தில் மஞ்சள் ஜேர்சியோட இருக்கிறார். 15 ஆவது கட்டம், பிறனீஸ் மலையில் போர்ட் டு பலெஸ் என்ற ஏத்தம். மற்றவர்களை விட்டுட்டு முன்னேறப் பாய்ந்த அந்தக் கணத்தில் அவரின் செயின் கழன்றது. அவர் இறங்கிச் செயினைப் போட்டுத் திரும்ப ஏறுவதற்குள் ஸ்பெயின் நாட்டு அல்பேர்டோ கொண்டடோர் தாண்டிப் போய்விட்டார். அன்று ஷ்லெக் இழந்தது 39 செக்கன். பாரிசில் போட்டி முடிந்தபோது கொண்டடோர் வென்றதும் அதே 39 செக்கனால்தான். ஊக்கமருந்து வழக்கில் கொண்டடோரின் பட்டம் 2012 இல் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்குப் போனது வேற கதை. எனக்கு அதில் பிடிபட்டது ஒன்றுதான். உலகத்திலேயே திறமான சைக்கிள், திறமான மெக்கானிக், திறமான ஓட்டக்காரன். அப்படியிருந்தும், முழுப் பலத்தோட மிதிக்கிற நேரத்தில் செயின் கழரும்.

வெள்ளிக்கிழமை காலமை அப்பா தேத்தண்ணியோட கடையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். 

“என்ன பிள்ளை, சொல்லப்போறியோ, இல்லாட்டி நான் கேக்கவோ?” என்றார். என் முழங்காலைக் கண்டிட்டார். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த சைக்கிளையும் கண்டிட்டார். கடைக்காரன் சைக்கிள் நிக்கிற விதத்தைப் பார்த்தே சொல்லுவான்.

எல்லாத்தையும் சொன்னேன். அப்பா ஏசேல்ல. ஒரு கேள்விதான் கேட்டார்: “செயின் கழண்ட உடன என்ன செய்தனி?”

“இன்னும் மிதிச்சனான்.”

“செயின் கழண்டா முதல்ல காலை நிப்பாட்ட வேணும் எண்டு சின்னனிலயே சொல்லித் தந்தனானெல்லோ.”

உண்மைதான், சொல்லித் தந்தவர். ஆனால் எங்கே படித்தவர் என்பதை அன்றுதான் சொன்னார். தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறியும் தடை. றேடியோவில் செய்தி கேட்க வேணும் என்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் கையால் பெடலைச் சுத்த, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ பாடும். சுற்றிவர அயலட்டை குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்கும். அப்பாதான் வீட்டில் பெடல் சுத்துகிற ஆள்.

“கை ஒரு சீராச் சுத்த வேணும். ஒருக்கா வேகமா, ஒருக்கா மெதுவா எண்டு சுத்தினாச் செயின் துள்ளும். செயின் தொய்வா இருந்தாக் கழரும். கழண்டா செய்தியும் நிண்டிடும். பிறகு எல்லாரும் என்னைத்தான் ஏசுவினம்.” 

ஒருநாள் முக்கியமான செய்தி போகேக்கச் செயின் கழன்று, அப்பா பதறி இன்னும் வேகமாகச் சுத்த, செயின் இறுகி, அதை எடுத்து முடியச் செய்தியும் முடிஞ்சுதாம். அன்றைக்குப் படித்த பாடம். 95 இடம்பெயர்வோட வன்னிக்கு வந்தபோது அப்பாவிடம் இருந்த தொழில் அது ஒன்றுதான்.

“அப்ப நாங்கள் சைக்கிளால கரண்ட் எடுத்தனாங்கள். இப்ப சைக்கிளுக்குக் கரண்ட் குடுக்க வேண்டிக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டு அப்பா சைக்கிளை நடு முற்றத்துக்கு எடுத்தார். “முதல்ல தம்பிக்கு போன் எடு.”

அதுதான் எனக்குக் கஷ்டமான இடம். எடுத்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 

பிறகு அண்ணா கேட்டார்: “உனக்கு அடி பட்டதோ?” 

“முழங்கால் கொஞ்சம்.” 

“தலையில?” 

“இல்ல.” 

“சரி. வீடியோவில காட்டு.”

கீறலைப் பார்த்துவிட்டு அண்ணா சொன்ன முதல் வேலை, ஒரு குத்தியை எடுத்து அந்தக் குழாயில் மெதுவாகத் தட்டிக்கொண்டு போறது. காபன் உள்ளே விரிந்திருந்தால் அந்த இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். மற்ற இடமெல்லாம் ‘டக் டக்’ என்று சுத்தமாகக் கேட்கும். அப்பா இரண்டு ரூபாய்க் குத்தியால் தட்டினார். பானை வாங்கப்போன கிழவி மாதிரி காதைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு பக்கக் குழாயையும் மாறி மாறித் தட்டினார். ஒரே சத்தம். நகத்தால் தடவிப் பார்த்தோம். நார் ஒண்டும் கிளம்பேல்ல. இது முழு உத்தரவாதம் இல்லை, சந்தேகம் இருந்தால் தெரிந்த ஆளிடம் காட்டத்தான் வேணும் என்று அண்ணா சொன்னார். ஆனால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு, ஏன் கழன்றது என்று பார்க்கத் தொடங்கினோம். நான் நினைத்திருந்தது ஒரு காரணம். அகப்பட்டது மூன்று.

முதலாவது, பின் டிறெய்லியரின் கை. செயின் தொய்யாமல் இருக்க அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங் இருக்கும். கிரவலுக்குச் செய்கிற டிறெய்லியரில் அதோட கிளச் என்று இன்னொன்றும் இருக்கும். றோட்டுக் குலுக்கலில் கை முன்னுக்குத் துள்ளாமல் அது பிடித்துவைக்கும். சில வகையில் அதைப் போடவும் எடுக்கவும் ஒரு சின்ன நெம்பு உண்டு. சில்லைக் கழற்றும்போது எடுத்துவிட்டால் வேலை சுகம். எங்கட சைக்கிளில் அந்த நெம்பு எடுத்தபடியே இருந்தது. அதைக் காட்டினதும் அண்ணா போனில் தலையில் கையை வைத்தார். பெட்டிக்குள் வைக்க எடுத்தவர், திரும்பப் பூட்டேக்க போட மறந்திட்டார். நெளித்தகர றோட்டில் என்ரை செயின் கயிறடிக்கிற கயிறு மாதிரித் துள்ளிக்கொண்டு வந்திருக்குது.

இரண்டாவது, முன் டிறெய்லியர். செயினைத் தள்ளுகிற இரண்டு தகடு அதில் உண்டு. உள்தகடு கூட உள்ளுக்குப் போனால் செயினும் உள்ளே விழும். பார்க்கிற முறை இதுதான்: முன்னுக்குச் சின்ன செயின்வீல், பின்னுக்கு ஆகப் பெரிய பல்லில் செயினைப் போட வேணும். அந்த நிலையில் உள்தகட்டுக்கும் செயினுக்கும் இடைவெளி 0.5 மில்லிமீற்றருக்கு மேல போகக்கூடாது. உரசவும் கூடாது. அரை மில்லிமீற்றரை எப்படி அளக்கிறது? பக்கத்து மோட்டச்சைக்கிள் கராஜில் வால்வு இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இருக்குது. மெல்லிய தகடுகள் விசிறி மாதிரி விரியும். அப்பா அதை இரவல் வாங்கிவந்தார். எங்கட இடைவெளி ஒரு மில்லிமீற்றரையும் தாண்டியிருந்தது. வெளித்தகட்டின் உயரத்தையும் பார்த்தோம். அதன் கீழ் விளிம்புக்கும் பெரிய செயின்வீலின் பல் நுனிக்கும் இடையில் 1 முதல் 3 மில்லிமீற்றர் இருக்க வேணும். அது சரியாக இருந்தது. உள் எல்லையைச் சில வகையில் ஆணியால் சரிப்படுத்தலாம், சில வகையில் பட்டனாலேயே சரிப்படுத்தலாம். இதில் ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கச் சிவப்பு லைற் எரிந்தது. அதுக்குப் பிறகு கியர் பட்டனின் ஒவ்வொரு அழுத்தும் டிறெய்லியரை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச்சுது. அப்பாவுக்கு அது பிடித்துப்போச்சு. “இது நல்ல விளையாட்டு” என்று தேவைக்கு மேல இரண்டு தரம் அங்கால இங்கால நகர்த்திப் பார்த்தார்.

பின் டிறெய்லியரைப் பிறேமோட பிடிக்கிற சின்னத் துண்டு நேராக இருக்குதோ என்றும் பார்த்தோம். பிறேம் உடையாமல் தான் வளையட்டும் என்றே அதை மெதுவான உலோகத்தில் செய்கிறார்கள். விமானத்தில் வருகிற பெட்டிக்குள் அது வளைகிறது சாதாரணம். அது உள்ளுக்கு வளைந்தால் செயின் பின்சில்லுக் கம்பிக்குள்ளேயே விழலாம். அது இன்னும் ஆபத்து. பின்னுக்கு நின்று பார்த்தால் டிறெய்லியரின் இரண்டு சின்னச் சில்லும் பல்லுச்சில்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேணும். இருந்தது.

மூன்றாவது காரணம் நான்.

பழைய கேபிள் கியரில் நெம்பைத் தள்ளும்போது செயினின் இறுக்கம் விரலுக்குத் தெரியும். பாரமாக மிதித்துக்கொண்டு மாற்றப் பார்த்தால் விரலே ‘இப்ப வேண்டாம்’ என்று சொல்லும். பட்டன் அப்படிச் சொல்லாது. நீங்கள் மெதுவாக மிதித்தாலும், எழும்பி நின்று முழுப் பாரத்தையும் போட்டாலும் பட்டனின் அழுத்தம் ஒன்றுதான். மோட்டரும் சொன்ன வேலையைச் சொன்ன உடனே செய்யும். மின்கியரின் அருமையும் அதுதான், அதில் கவனிக்க வேண்டியதும் அதுதான். விரலுக்குத் தெரியாததைக் காலால் தெரிந்துகொள்ள வேணும்.

அதோட நான் மாற்றின நேரமும் பிழை. பின்னுக்கு ஆகச் சின்னப் பல்லில் செயின் இருக்கேக்க முன்னுக்கும் சின்னதுக்கு மாற்றினால், செயின் ஒரேயடியாகத் தொய்யும். கிளச்சும் இல்லை, றோட்டும் குலுக்குது, காலும் பாரம். விழாமல் என்ன செய்யும்? இரண்டு கியரையும் தானே பொருத்தமாகச் சேர்த்து மாற்றுகிற வசதி சில மின்கியர்களில் உண்டு. அண்ணா அதைப் பாவிக்கிறதில்லை, தன்ரை விருப்பத்துக்கு மாற்றத்தான் அவருக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை காலமை அண்ணா வந்திட்டார். வந்ததும் கீறலை வெளிச்சத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். எனக்கு வயித்தைக் கலக்கிச்சுது. பிறகு நிமிர்ந்து, “கிளச்சைப் போடாமல் உனக்குத் தந்தது என்ரை பிழை, தங்கச்சி” என்றார். 

“சொல்லாமல் விட்டது என்ரை பிழை” என்றேன். 

“ஓம், அது உன்ரை பிழைதான்” என்றார். 

அண்ணா சிரிக்கேல்ல. அது சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கிளச் இல்லாத, எல்லை தப்பின சைக்கிளில் அவர் முல்லைத்தீவு றோட்டில் இறங்கியிருப்பார்.

அன்று பின்னேரம் அதே குளக்கட்டு ஏத்தத்துக்கு மூன்று பேரும் போனோம். அண்ணா முதலில் மெதுவாக ஏறி இறங்கினார். பிறகு வேகமாக. பிறகு சைக்கிளை என்னிடம் தந்தார். “திரும்ப ஓடு. ஆனா நான் சொல்லுற மாதிரி.”

அவர் சொன்னது இதுதான். ஏத்தம் தூரத்தில் தெரியும்போதே மாற்று, காலில் பாரம் வந்தபிறகு மாற்றாதே. முன் கியரைக் குறைக்க முதல் பின் கியரை நடுப்பல்லுக்குக் கொண்டுவா. பட்டனை அழுத்துகிற அந்த அரைச்சுற்றுக்கு மட்டும் காலை இலேசாக்கு. பெடல் சுத்திக்கொண்டிருக்க வேணும், பாரம் மட்டும் போக வேணும். குலுக்குகிற இடத்தில் கியர் மாற்றாதே. குலுக்கலுக்கு முதல் மாற்று, இல்லாட்டி தாண்டினபிறகு மாற்று. பற்றறியைப் பார்த்துக்கொள். இந்த வகையில் பற்றறி குறையக் குறைய முதலில் முன் கியர்தான் வேலைநிறுத்தம் செய்யும். பின் கியர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். முன் கியர் அசையேல்ல என்றால் செயினைக் குறை சொல்லாமல் பற்றறியைச் சார்ஜ் போடு.

“அப்பிடியும் கழண்டா?” என்று கேட்டேன்.

அண்ணா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். “முதல்ல காலை நிப்பாட்டு” என்று நானே சொன்னேன்.

“ஓம். பாரத்தை விடு. உள்ளுக்கு விழுந்திருந்தா, பெரிய செயின்வீலுக்கு மாத்துற பட்டனை அழுத்திப்போட்டுப் பூனை நடக்கிற மாதிரி பெடலைச் சுத்து. கன நேரம் தானே ஏறி உக்காரும். ஏறேல்ல எண்டா இறங்கு. கையால போடு. மிதிச்சு ஏத்தப் பாக்காத.”

எட்டுத் தரம் ஏறினேன். முதல் மூன்று தரமும் நெஞ்சு படபடத்தது. ஒரு தரமும் கழரேல்ல. ஐந்தாவது தரம் என்ரை கால் தானாகவே இலேசாகினதை உணர்ந்தேன். விரல் அழுத்த முதலே கால் தயாராகிச்சுது.

வீடு திரும்பேக்க அண்ணா இன்னும் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சின்ன செயின்வீலுக்கு உள்பக்கம் பூட்டுகிற ஒரு சின்ன உலோக விரல். செயின் உள்ளே விழப் பார்த்தால் அது தடுத்துத் திருப்பி விடும். போனதும் முதல் வேலை அதை வாங்கிப் பூட்டுறதுதான் என்றார். மற்றது, முன் டிறெய்லியரையே கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைச் செயின்வீல் போடுறது. செயினில் ஒரு கண்ணி அகலம், அடுத்தது ஒடுக்கம் என்று மாறி மாறி வருமல்லவா, அதுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பல் தடிப்பு, ஒரு பல் மெல்லிசு என்று வெட்டின செயின்வீல்கள் 2012 அளவில் மலைச் சைக்கிள்களுக்கு வந்து, பிறகு கிரவலுக்கும் பரவின. பல் கண்ணியை நிறைத்துப் பிடிக்கிறதால் செயின் இலேசில் கழராது. தள்ளி விழுத்த முன்னுக்குக் கருவியும் இல்லை.

“முன்னுக்கு ஒண்டு மட்டுமோ? அப்ப எங்கட ஊர்ச் சைக்கிள் மாதிரி” என்றார் அப்பா.

ஊர்ச் சைக்கிளுக்கும் அப்பாவிடம் ஒரு கணக்கு உண்டு. அது இங்கே வாசிக்கிற கனபேருக்குக் கூடப் பயன்படும். கியர் இல்லாத சைக்கிளில் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் அரை இஞ்சி அளவு ஆட வேணும். கூட ஆடினால் கழரும். ஆடவே இல்லையென்றால் பெடல் பாரமாகி, செயினும் பல்லும் தேயும். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. பழைய செயின்வீல் சரியான வட்டமாக இராது. பெடலைச் சுத்திச் சுத்திப் பார்த்து, ஆக இறுக்கமான இடத்தில் அந்த அரை இஞ்சியை வைக்க வேணும். பின்சில்லு நட்டை இளக்கி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்குதோ என்று பார்த்து இறுக்க வேணும். இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது “மாமா, செயின் கழண்டு கழண்டு போகுது” என்று கடைக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு வேண்டியது இது மட்டும்தான்.

ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு அண்ணாவும் சிநேகிதர்களும் வெளிக்கிட்டார்கள். விசுவமடு வரைக்கும் நானும் என்ரை ஊர்ச் சைக்கிளில் பின்னால் போனேன். முன்னுக்குப் போகிற அண்ணாவின் செயினையே பார்த்துக்கொண்டு போனேன். நெளித்தகர இடங்களில் அது துள்ளேல்ல. ஏத்தம் வர முதல் ‘ஸ்ஸ்க்’ என்ற சத்தம் கேட்கும், அவரின் கால் ஒரு கணம் இலேசாகும், பிறகு பாரம் ஏறும். பின்னேரம் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று படம் அனுப்பினார்கள். மூன்று சைக்கிளும் சிவப்புப் புழுதி. நான் படத்தைப் பெரிதாக்கி முதலில் அந்தக் குழாயைத்தான் பார்த்தேன்.

சைக்கிளைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க முதல்நாள் இரவு, அப்பா பழைய ரியூப் ஒன்றை நீட்டாக வெட்டி, கீறல் பட்ட குழாயைச் சுற்றி நெருக்கமாகச் சுத்தி ஒட்டினார். “இனிச் செயின் அடிச்சாலும் றப்பரிலதான் அடிக்கும்” என்றார். அவ்வளவு விலையான சைக்கிளில் அந்தக் கறுப்பு ரியூப் துண்டு, பட்டுவேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது. கனடாவுக்குப் போனதும் அண்ணா கழற்றி எறிந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. தன்ரை ஊர்க் கடையில் கொண்டுபோய்க் காட்டினாராம், சேதம் பெயின்றோட மட்டும்தானாம். உலோக விரலும் பூட்டியாச்சாம். கூடவே ஒரு படம். ரியூப் துண்டு அப்படியே இருந்தது. கூட ஓடுகிற ஆக்கள், இது என்ன கம்பனிச் சாமான், எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார்களாம்.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு, “நுனி கொஞ்சம் கிளம்பிக் கிடக்கு. சொலூஷன் பூசச் சொல்லு” என்றார்.